மேகாங் கரையில் ஒன்றரை நாள் நடவு

“அங்க யாரு இருக்கா?” என்று போனில் அம்மா கேட்டாள்.

“யாருமில்லம்மா.”

“வேலையா?”

“இல்ல.”

“பின்ன எதுக்குடி போற?”

“சும்மாதாம்மா. சுத்திப் பாக்க.”

அந்தப் பக்கம் பம்புசெட் ஓடுகிற சத்தம் கேட்டது. அம்மா வரப்பில் நின்றுகொண்டு என் பதிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்தில் காரணமில்லாமல் யாரும் எங்கேயும் போனதில்லை. நடவுக்குப் போயிருக்கிறார்கள், அறுப்புக்குப் போயிருக்கிறார்கள், தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். மாமா ஒருவர் கட்டட வேலைக்கு மஸ்கட் போனார். நான் நர்சிங் படித்துவிட்டு அயர்லாந்து போனேன். எல்லாப் பயணத்துக்கும் பின்னால் ஒரு கூலி இருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் ஒப்பந்தம் முடிந்து அடுத்ததில் சேர்வதற்கு நடுவே ஐந்து வாரம் கிடைத்தபோது, இந்த ஒரு தடவையாவது யாரும் அனுப்பாமல் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கடைசி வாரம் ஊருக்கு வருவதாக அம்மாவுக்குச் சொல்லிவிட்டு, மீதி நாட்களை எனக்கென்று வைத்துக்கொண்டேன். முதுகில் ஒரு பை, காலில் ஒரு செருப்பு, பைக்குள் இரண்டு ஜீன்ஸ், நான்கு சட்டை, ஒரு பாட்டில் ஊறுகாய்.

சைகோனில் இறங்கிய முதல் நாள் சாலையைக் கடக்கத் தெரியாமல் அரை மணி நேரம் நின்றேன். ஸ்கூட்டர்கள் வெள்ளம் மாதிரி வந்துகொண்டே இருந்தன, இடைவெளியே விழவில்லை. லாட்டரி சீட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரே வேகத்தில், எந்த வண்டியையும் பார்க்காமல், பேசிக்கொண்டே என்னை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். ஸ்கூட்டர்கள் எங்களைச் சுற்றிப் பிரிந்து போயின. நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது என்று கையால் சொல்லிக் காட்டிவிட்டுத் திரும்ப அதே வெள்ளத்தில் இறங்கிப் போனார்.

மறுநாள் காலை நடைபாதைக் கடை ஒன்றில் பெரிய கூட்டம். குட்டி பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, எல்லோரும் சாப்பிடுவதைக் கைகாட்டிக் கேட்டேன். தட்டு வந்தது. சுட்ட பன்றிக்கறி, பொரித்த முட்டை, வெள்ளரிக்காய். நடுவில் இருந்த சோற்றைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அது நொய்.

மில்லில் உடைந்துபோகிற அரிசிதான் நொய். கூலியாக வந்த நெல்லை அரைத்து முழு அரிசியை விற்றுவிட்டு நொய்யை வீட்டுக்கு வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்துக்கு அந்தச் சோற்றைத்தான் கொண்டுபோவேன். டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி திறந்து, அந்த இடுக்கு வழியாகவே சாப்பிட்டு முடிக்கிற வித்தை எனக்குத் தெரியும். இங்கே ஆபீஸ் போகிறவர்கள் டை கட்டிக்கொண்டு நொய்க்காக வரிசையில் நிற்கிறார்கள்! பக்கத்தில் இருந்த பெண்ணிடம் ஆங்கிலத்தில் விசாரித்தேன். அவள் கடைக்கார அம்மாளிடம் கேட்டுச் சொன்னாள்: “முழு அரிசியில குழம்பு மேலயே நிக்குமாம். உடைஞ்சதுதான் உள்ள வாங்குமாம்.” இரண்டு தட்டு சாப்பிட்டேன். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். “நொய்யிக்கு வந்த வாழ்வப் பாரு” என்று குரல் பதிவு வந்தது.

அங்கிருந்து தெற்கே, ஆறு பல கிளையாகப் பிரிந்து கடலுக்குப் போகிற நெல் நாட்டில் இரண்டு நாள் படகில் சுற்றினேன். வாய்க்காலெல்லாம் விளிம்பு வரை தண்ணீர். படகுக்காரர் சைகையும் அரை ஆங்கிலமுமாகக் கேட்டார்: “உங்க ஊர்ல ஆறு இருக்கா?”

“இருக்கு. தண்ணியத்தான் கேட்டு வாங்கணும்.”

ஆற்றுத் தண்ணீரை யாரிடம் போய்க் கேட்பது என்று அவருக்கு விளங்கவில்லை. மேட்டூரைப் பற்றி விளக்க முயன்றேன். பாதியில் எனக்கே அது கட்டுக்கதை மாதிரிப் பட்டதால் விட்டுவிட்டேன்.

கம்போடியாவுக்குள் போன வேனில் பக்கத்துக் கதவு மூடவில்லை. ஓட்டுநர் இறங்கி வந்து ஒரு கயிற்றால் கட்டினார், முடிச்சை இழுத்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். கதவோரம் நான். எனக்கு அடுத்து மாம்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி ஒன்றும் பேசாமல் தன் கையை என் இடுப்பைச் சுற்றிப் போட்டுப் பிடித்துக்கொண்டார். மூன்று மணி நேரம். இறங்கும்போது அவர் கை மரத்துப் போயிருக்க வேண்டும், உதறிக்கொண்டே சிரித்தார். ஒரு மாம்பழத்தையும் கொடுத்தார். பெயர்கூடக் கேட்கவில்லை.

அங்கே பழைய கல்கோயில்களையெல்லாம் பார்த்தேன். தஞ்சாவூர்க்காரிக்குக் கோபுரம் பெரிய அதிசயமாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் தாராசுரத்துக்கு அழைத்துப் போனபோதே யாளி, யானை, தேர்ச்சக்கரம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு கோயிலின் வெளிச்சுவர்தான் என்னை நிறுத்தியது. ராஜா படைக்குக் கீழே, சந்தையில் மீன் விற்கிறவர்கள், சமைக்கிறவர்கள், ஒரு பன்றியைத் தலைகீழாகக் கொப்பரைக்குள் இறக்குகிற இரண்டு பேர். வழிகாட்டி ராஜாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு முன்னால் போய்விட்டார். நான் அந்த இரண்டு பேரோடு நின்றுவிட்டேன். யாரோ ஒரு சிற்பிக்கு அவர்களையும் செதுக்கத் தோன்றியிருக்கிறது.

லாவோசின் தெற்கு ஓரத்தில் மேகாங் அகன்று, நடுநடுவே தீவுகளாகக் கிடக்கிறது. அங்கே ஒரு விடுதி வாசலில் கட்டியிருந்த வலை ஊஞ்சலில் படுத்துக்கொண்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் பக்கத்து அறை வாசலிலிருந்து ஒரு குரல்.

“தமிழாங்க?”

என் வயதுதான் இருக்கும். கார்த்திக் என்று பெயர் சொன்னார். சிங்கப்பூரில் ஆறு வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை. வேலையை விட்டுவிட்டு அடுத்த வேலைக்கு முன்னால் சுற்றுகிறாராம்.

“நீங்க எந்த ஊருங்க?”

“தஞ்சாவூர்.”

“அட! நாங்க திருவையாறு பக்கம். தஞ்சாவூர்ல எங்க?”

எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டேன். அவர் துள்ளிக் குதித்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் அவர் ஊர். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப், டீக்கடை, சாயம் போன ரைஸ்மில் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அதே உற்சாகத்தில் கேட்டார்: “அங்க எந்தத் தெரு?”

எங்கள் பக்கம் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும். தெற்குத் தெரு என்றால் காலனி, வயலில் இறங்கி வேலை செய்தவர்கள். பெரிய தெரு என்றால் அந்த வயலை வைத்திருந்தவர்கள். கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். அயர்லாந்தில் மூன்று வருடமாக யாரும் கேட்காத கேள்வி, மேகாங் நடுவில் ஒரு தீவுக்கு வந்து என்னைக் கேட்டது.

“இப்ப டவுன்லதாங்க. மெடிக்கல் காலேஜ் ரோடு” என்றேன்.

படிக்கும்போது அந்தச் சாலையில் ஹாஸ்டலில் இருந்தேன் என்பது உண்மை. மற்றது பொய். “ஓகோ” என்று அவர் விட்டுவிட்டார். நல்ல மனிதர்தான். பருப்புப்பொடி வைத்திருந்தார், எனக்கும் கொடுத்தார், படகில் ஏறும்போது என் பையையும் தூக்கினார். அவர் நல்லவராக இருக்க இருக்க எனக்கு அந்தப் பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. அவரை ஏமாற்றினேன் என்பதற்காக இல்லை. என் தெருவை நானே ஒளித்துவிட்டேனே என்றுதான்.

வடக்கே போக இருந்தது ஒரே சாலை, ஒரே பஸ். இருவரும் ஏறினோம். மூன்றாவது மணி நேரத்தில் பஸ் நின்றது. முன்னால் ஒரு சின்னப் பாலம், மழை வெள்ளத்தில் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டிருந்தது. ஓட்டுநர் நடந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, பஸ்ஸுக்கு அடியில் இரண்டு சக்கரத்துக்கு நடுவே ஊஞ்சலைக் கட்டிப் படுத்துவிட்டார். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது.

பக்கத்துக் கிராமத்திலிருந்து குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். தெளிவான ஆங்கிலத்தில், “என் பேரு புன்மி. இங்க பள்ளிக்கூடத்துல டீச்சர். பாலம் ரெண்டு நாள்ல சரியாயிடும்னு சொல்றாங்க. ரெண்டுன்னு சொன்னா மூணுன்னு வச்சுக்கங்க” என்றாள். பள்ளிக்கு விடுமுறை. வகுப்பறையில் பாய் போட்டுக் கொடுத்தார்கள்.

சாப்பாட்டுக்கு மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு வந்தது. கையால் உருட்டி மிளகாய்த் துவையலில் தொட்டுச் சாப்பிட வேண்டும். கூடவே உப்பில் ஊறிப் புளித்த மீன் போட்ட பப்பாளிக்காய்க் கலவை. கார்த்திக் அந்த வாடைக்கே எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். கருவாட்டில் வளர்ந்தவளுக்கு அந்த வாடையில் பசிதான் எடுத்தது. நான் வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்த புன்மியின் அம்மா இன்னொரு கை அள்ளி வைத்தார்.

காலையில் வெளியே வந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்தைத் தாண்டினால் வயல். உழுது, பரம்படித்துச் சமமாக்கி, கணுக்கால் தண்ணீர். புன்மியும் அவள் அம்மாவும் சித்திகளும் ஆறு பேர் நட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை சேற்றில் நின்றாள். எனக்கு ஒரு நிமிடம் நம்ப முடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு டீச்சர் வயலில் இறங்க மாட்டாள். இறங்கக்கூடாது என்பதற்காகத்தானே படிக்கவே வைக்கிறார்கள்.

“ஆள் பத்தலை” என்றாள் புன்மி. “என் வயசுப் பொண்ணுங்க எல்லாம் தாய்லாந்து பாக்டரிக்குப் போயிட்டாங்க. இங்க வாய்க்கால் இல்ல, மழைத்தண்ணிதான். இப்ப நிக்குது. நாளைக்கு மத்தியானத்துக்கு மேல வடிஞ்சா மண்ணு இறுகிடும். நாத்தும் முத்திப்போச்சு, இன்னும் விட்டா வீணாயிடும்.”

நட வேண்டிய நிலத்தைக் கண்ணால் அளந்தேன். ஆறு பேரால் முடியாது.

நான் கடைசியாக நட்டது பதினேழு வயதில். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று அம்மா என் கையிலிருந்த நாற்றுக் கட்டான முடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, “இனிமே நீ வயல்ல எறங்குன, காலை ஒடிச்சிருவேன்” என்றாள். அந்தப் பேச்சை நான் மீறியதே இல்லை. ஊருக்குப் போனால்கூட வரப்போடு நின்றுகொள்வேன்.

செருப்பைக் கழற்றினேன். ஜீன்ஸை மடித்தேன். இறங்கினேன்.

சேறு குளிர்ச்சியாகக் காலைப் பிடித்தது. இடது கையில் முடியை வாங்கிக் கட்டைப் பிரித்தேன். அவர்கள் நாற்றின் நுனியைக் கிள்ளியிருந்தார்கள், கட்டுவதற்கு மூங்கில் பட்டை. மற்றதெல்லாம் ஒன்றுதான். முதல் வரிசையில் என் விரல் தடுமாறியது. பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். இரண்டாவது வரிசையில் முதுகுக்கு ஞாபகம் வந்துவிட்டது. மூன்று விரலால் பிரி, கட்டைவிரலால் இறக்கு, ஒரு அடி பின்னால் வை. மூன்றாவது வரிசையில் சிரிப்பு நின்றது. கையிலிருந்த முடி தீர்ந்து நான் நிமிர்வதற்குள், யாரோ இன்னொரு முடியை எனக்குப் பின்னால் சரியான தூரத்தில் எறிந்தார்கள். ஒருத்திக்குப் பின்னால் முடியை எறிந்தால் அவளை ஆளாகச் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த முடி தண்ணீரில் விழுந்த சத்தம், நர்சிங் சான்றிதழ் வாங்கும்போது கேட்ட கைதட்டலைவிட எனக்குப் பெரிதாக இருந்தது.

புன்மியின் அம்மா உரக்க ஏதோ கேட்டார். புன்மி சிரித்துக்கொண்டே சொன்னாள்: “ஆஸ்பத்திரியில வேலை பாக்குறேன்னு சொன்னது பொய்யான்னு கேக்குறாங்க.”

வரப்பில் கார்த்திக் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். படம் எடுப்பதை நிறுத்திவிட்டு, “தேன்மொழி, இதையெல்லாம் எங்கங்க கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டார்.

நான் நிமிர்ந்தேன். இடுப்பு வலித்தது.

“தெற்குத் தெருவுல.”

அவருக்குப் புரிய ஒரு நொடிதான் ஆனது. “மெடிக்கல் காலேஜ் ரோடுன்னு சொன்னீங்களே?”

“பொய் சொன்னேன். எங்க வீடு காலனியில. எங்கம்மா நடவுக்கு ஆள் கூட்டிட்டுப் போறவங்க. வாய்க்காலுக்கு அந்தாண்ட உங்க ஊரு வயல்லயும் நாங்க நட்டிருக்கோம்.”

“ஏங்க பொய் சொல்லணும்? நான் ஒண்ணும் அப்படி நினைக்கிற ஆளில்ல.”

“நீங்க ஏங்க தெருவைக் கேட்டீங்க?”

“அது... பழக்கங்க. ஊர்க்காரங்களப் பாத்தா கேக்குறதுதான்.”

“அந்தப் பழக்கத்துக்குத்தான் பயந்தேன்” என்றேன். குனிந்து அடுத்த குத்து நாற்றை நட்டேன். கோபம் இல்லை. பத்து நாள் முதுகில் தூக்கித் திரிந்த பையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். கார்த்திக் இறங்கியிருந்தார். இறங்கிய வேகத்தில் உட்கார்ந்தும் விட்டிருந்தார். எழுந்து, சேறு சொட்டச் சொட்ட, “நாங்க பெரிய தெரு. எட்டு ஏக்கர் இருக்கு. நான் ஒரு நாள்கூட எறங்கினதில்ல. சொல்லிக் கொடுங்க” என்றார். சொல்லிக்கொடுத்தேன். அவர் நட்ட நாற்று ஒவ்வொன்றும் அவர் நகர்ந்ததும் மெதுவாக எழும்பி மிதந்தது. புன்மியின் சித்தி ஒருத்தி அவருக்குப் பின்னாலேயே போய், மிதந்ததையெல்லாம் பொறுக்கித் திரும்ப நட்டாள். கடைசியில் அவரை முடி தூக்கிப்போடும் வேலைக்கு மாற்றினார்கள். அதை நன்றாகச் செய்தார்.

மத்தியானம் சாப்பிட வரப்பில் உட்கார்ந்திருந்தபோது அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே காலை பத்தரை. அவளும் வரப்பில்தான் இருந்தாள், குறுவை நடவு. பின்னால் பெண்கள் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார்கள். என் முகத்திலிருந்த சேற்றைப் பார்த்ததும் அவள் குரல் ஏறியது.

“யாருடி ஒன்னயச் சேத்துல எறக்குனது? அதுக்காடி ஒன்னயப் படிக்க வச்சேன்?”

“யாரும் எறக்கலம்மா. நானாத்தான் எறங்குனேன்.”

“எதுக்கு?”

“ஆள் இல்லம்மா. தண்ணி வடியப் போவுது. நாத்து முத்திருச்சு.”

நாற்று முத்திவிட்டது என்றால் அது என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“எங்க, காட்டு” என்றாள்.

போனைத் திருப்பினேன். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வயல் முழுக்கப் பார்த்தாள். “நுனிய ஏன் கிள்ளியிருக்காளுவ? ஓ, நாத்து நீளம், காத்துல சாஞ்சுரும்ல. சரிதான். குத்துக்கு எத்தன வைக்குறாளுவ? நாலா? மூணு போதும்னு சொல்லு. அந்த ஓரத்துல கோணலா இருக்கே, அது யாரு நட்டது?”

கார்த்திக் மெதுவாகக் கையைத் தூக்கினார். “நாந்தாங்கம்மா.”

“யாருடி அது?”

“நம்ம பக்கத்து ஊரும்மா. பெரிய தெரு.”

“பெரிய தெருவா!” அம்மா திரும்பிப் பார்த்து அங்கிருந்த பெண்களிடம் கத்தினாள்: “ஏய், இங்க வந்து பாருங்கடி, பெரிய தெரு புள்ள நடவு நடுது!” போனுக்குள் எட்டுப் பத்து முகங்கள் நெருக்கிக்கொண்டு வந்தன. இந்தப் பக்கம் லாவோஸ் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு கூட்டமும் ஒருவர் காலிலிருந்த சேற்றை ஒருவருக்குக் காட்டிச் சிரித்தார்கள். புன்மியின் அம்மா போனை வாங்கிக்கொண்டு, லாவோ மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். அம்மா தமிழில் பதில் சொன்னாள். நடுவில் நான் ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்கவில்லை. முட்டிவலியைப் பற்றித்தான் பேசினார்கள், இரண்டு பேரும் முட்டியைத் தொட்டுக் காட்டிக்கொண்டார்கள்.

போனை வைக்கும் முன் அம்மா சொன்னாள்: “பாதியில வுட்டுட்டு வராத. எறங்குனா முடிச்சுட்டுத்தான் ஏறணும்.”

மறுநாள் பொழுது விடிந்ததும் இறங்கினோம். தண்ணீர் கணுக்காலிலிருந்து கால்விரல் அளவுக்கு இறங்கிவிட்டிருந்தது. பேச்சு குறைந்தது. பஸ்ஸில் வந்த இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். வெயில் உச்சிக்கு வருகிற நேரத்தில் கடைசி மூலைக்கு வந்து சேர்ந்தோம். கடைசி முடியைப் புன்மியின் அம்மா என் கையில் கொடுத்தார். நட்டுவிட்டு நிமிர்ந்தேன். யோசிக்காமலே நாக்கு சுழன்றது. குலவை போட்டேன். பன்னிரண்டு வருடமாகப் போடாத குலவை, தொண்டை கிழியப் போட்டேன்.

அவர்கள் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். பிறகு கிழவி ஒருத்தி தலையைப் பின்னால் சாய்த்து அவர்கள் வழக்கப்படி நீளமாக ஒரு கூவல் விட்டாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் இன்னொரு தடவை போட்டேன். தூரத்தில் பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள்.

சாயங்காலம் பாலத்தின் மேல் இரும்புத் தகடு போட்டு வண்டிகளை விட்டார்கள். புன்மி என் கையைப் பிடித்துக்கொண்டு, “என் மாணவிகளுக்கு உன்னைப் பத்திச் சொல்வேன்” என்றாள். “உன்னைப் பத்தி எங்க ஊர்ல சொல்றதுக்குத்தான் எனக்கு நிறைய இருக்கு” என்றேன்.

பஸ்ஸில் கார்த்திக் நகத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்: “ஊருக்குப் போறப்ப உங்கம்மாவப் பாக்க வரலாங்களா?”

“வாங்க. வந்தா வீட்டுக்குள்ள வந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

“வரேன்” என்றார். அந்தச் சொல் வருவதற்கு இரண்டு விநாடி ஆனது. கவனித்தேன். ஆனால் வந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர், பெரிய தெருவிலிருந்து பகலில், எல்லோரும் பார்க்க நடந்தே வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டார் என்று பிறகு அம்மா சொன்னாள். குழம்புக் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்ததாம். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

அந்தப் பஸ் பயணம் முடிந்து கார்த்திக்கிடம் விடைபெற்ற பிறகு, நான் மேகாங்கின் மேல் இருக்கிற பெரிய பாலத்தைத் தாண்டித் தாய்லாந்துக்குள் நுழைந்தேன். எல்லைச் சோதனையில் ஒரு அதிகாரி, நடுத்தர வயது, கண்ணாடிக்குப் பின்னால். விரல்களை மெஷினில் வைக்கச் சொன்னார். வைத்தேன். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார். மறுபடி சிவப்பு. ஈரத்தாள் கொடுத்தார். மறுபடி சிவப்பு. எனக்குப் பின்னால் வரிசை முனகியது.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“நர்ஸ்.”

கையைத் திருப்பிக் காட்டச் சொன்னார். நாற்று நட்டதில் கட்டைவிரல் முழுக்கக் கீறல், நுனியெல்லாம் தோல் உரிந்து, நகக்கண்ணில் சேறு. “இது நர்ஸ் கை இல்லையே” என்றார்.

“ரெண்டு நாளா நெல்லு நட்டேன். ஆத்துக்கு அந்தப் பக்கம்.”

அவர் என்னைப் பார்த்தார். பக்கத்துக் கவுண்டரில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், “எங்கம்மா கைக்கும் எந்த மெஷினும் வேலை செய்யாது” என்றார். கண்ணாடிக்குக் கீழிருந்த இடைவெளியில் கையை நீட்டி, தானே என் நான்கு விரலையும் கண்ணாடித் தட்டில் அழுத்திப் பிடித்தார். பச்சை எரிந்தது.

வெளியே வந்து முதல் வேலையாக அம்மாவைக் கூப்பிட்டேன். மாதாமாதம் ரேஷன் கடையில் அவளுக்கு இதே கதைதான். ரேகை விழாது. சேலையில் துடைத்துத் துடைத்து வைப்பாள், “நல்லாத் தேச்சுட்டு வையும்மா” என்று கடைக்காரர் எரிந்து விழுவார். லீவில் ஊருக்குப் போகும்போது அவளுக்குப் பின்னால் நின்று நானே கூசிப் போயிருக்கிறேன்.

“அம்மா, பார்டர்ல என் ரேகையும் விழலம்மா. மூணு தடவ.”

“என்னடி சொல்ற?”

“விரலெல்லாம் தேஞ்சு போச்சு.”

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள்.

“நீ ஊருக்கு வந்ததும் மொத வேலையா என்கூட ரேஷன் கடைக்கு வா. நர்சம்மா கைக்கே விழலன்னு நீயே அவன்கிட்ட சொல்லு.”

“சொல்றேம்மா.”

“சத்தமா சொல்லணும்” என்றாள். “வரிசையில நிக்கிற அத்தன பேருக்கும் கேக்குற மாதிரி.”